கிராமத்துச் சாப்பாட்டுக்கடையை எதைக் கொண்டு மதிப்பிடுவது? குமரி மாவட்ட அனுபவங்கள்

கல்குளம் வழிப்போக்கன் (தக்கலை), தொடக்கப் பதிவு

குமரி மாவட்டத்தின் உட்சாலைகளில் உள்ள சாப்பாட்டுக்கடைகளைப் பற்றி இணைய வரைபடத்தில் எழுதப்படும் மதிப்புரைகளைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றில் பலவும் கடைக்காரர் செய்த தவற்றைச் சொல்வனவாக இல்லை. அது எப்படிப்பட்ட கடை என்று தெரியாமல் உள்ளே நுழைந்தவரின் ஏமாற்றத்தையே சொல்கின்றன. சோறு வேகவில்லை என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பரிமாறப்பட்டது சம்பா அரிசிச் சோறு. தவிடு முழுவதும் போகாத அந்தப் பருமனான சிவப்புப் புழுங்கலரிசி, பொன்னி அரிசியைப்போலக் குழையாது. பருக்கை பருக்கையாக நிற்பதுதான் அதன் பக்குவம், தேங்காய் அரைத்துவிட்ட மீன்குழம்பைத் தாங்குவதற்கும் அதுதான் ஏற்றது. இன்னொருவர் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், மீன்குழம்பு தீர்ந்துவிட்டது என்று கோபப்பட்டிருக்கிறார். மற்றொருவருக்கு மெனு கார்டு இல்லாததே பெரிய குறையாகத் தெரிந்திருக்கிறது.

நம் ஊர்களில் இத்தகைய கடை பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்பகுதிதான். காலையில் சந்தையிலும் கரையிலும் என்ன கிடைத்ததோ அதை வைத்து ஒருமுறை சமைக்கிறார்கள். நண்பகலுக்குப் பிறகு இலை போடத் தொடங்கினால், இரண்டு இரண்டரை மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும். மறுநாளைக்கு எடுத்துவைக்கக் குளிர்பதனப் பெட்டியோ, எடுத்துவைக்கும் எண்ணமோ அங்கே இருப்பதில்லை. ஆகவே பிந்திப் போகிறவருக்கு மீன் இல்லை என்பது அந்தக் கடையின் குறைவல்ல, நேற்றைய மீனை அவர்கள் விற்கவில்லை என்பதற்கான சான்று.

திருவட்டாறு பக்கம் அண்மையில் உண்ட ஓர் ஊணைச் சொல்கிறேன். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பெயர்ப்பலகை இல்லாத கடை அது; பழக்கமுள்ளவர்களுக்கு மட்டுமே தெரியும். உட்கார்ந்தவுடன் பரிமாறுபவர், "நெய்மீன் இன்றைக்கு வரவில்லை, சாளை இருக்கிறது, கிழங்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். (நெய்மீன் என்பது வஞ்சிரம், சாளை என்பது மத்தி.) தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் சேர்த்து மசித்த மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), மண்சட்டியில் மாங்காய் போட்டு வைத்த சாளைக் குழம்பு, ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) பயறும் சேர்ந்த துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), வறுத்தரைத்த தேங்காயில் சின்னவெங்காயம் போட்ட உள்ளித்தீயல், கடைசியில் இஞ்சி தட்டிப்போட்ட மோர். தீயலுக்குத் தேங்காயைக் கருகவிடாமல் காப்பிக்கொட்டையின் நிறத்துக்கு வறுத்திருந்தார்கள். அதற்குப் பொறுமையுள்ள கை வேண்டும். மேசைகள் பழையவை, விசிறி ஓடும்போது ஓசை எழுப்பியது. இவற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை. இல்லாததை இல்லை என்று முதலிலேயே சொன்னார்கள், இருந்ததை அன்று காலை சமைத்திருந்தார்கள். ஒரு கிராமத்துக் கடையை மதிப்பிட இவ்விரண்டும் போதும் என்பது என் கருத்து.

உறுப்பினர்கள் தங்கள் அனுபவங்களை எழுத வேண்டுகிறேன். போன நேரம், உண்ட பண்டம், கொடுத்த விலை ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் பிறருக்கும் பயன்படும். குறை சொல்லும் பதிவில் கடையின் பெயர் வேண்டாம் என்னும் இந்த அவையின் விதியையும் நினைவில் கொள்ளுங்கள்.


சேலத்துச் செல்வி (சேலம்)

ஐயா, உங்கள் பதிவின் பெரும்பகுதியோடு நான் உடன்படுகிறேன். எனினும், வெளியூரிலிருந்து வருகிறவர்களின் வருத்தம் முழுவதும் அறியாமையால் வருவது என்று கொள்ள முடியாது என்பதற்கு எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு, குலசேகரம் போகும் வழியில் ஒரு சிறிய கடையில் சாப்பிட்டோம். சாப்பாடு ஒன்றுக்கு 100 ரூபாய் என்று சுவரில் எழுதியிருந்தது. கிழங்கும் குழம்பும் மிக நன்றாக இருந்தன. பரிமாறிய அம்மா, என் மகனுடைய இலையைப் பார்த்துப் பார்த்து, "மக்களே, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். சொந்த அத்தை வீட்டில் உண்பதைப்போல நிறைவாக இருந்தது. நடுவில் ஓர் இளைஞர் பொரித்த நெய்மீன் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதைச் சாப்பாட்டோடு தருவதாக நினைத்துப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. கணக்கு வந்தபோது ஒரு துண்டுக்கு 280 ரூபாய் போட்டிருந்தார்கள். ஐந்து பேரின் சாப்பாட்டைவிட மீனுக்கான தொகை கூடுதலாக இருந்தது.

விலை அநியாயமானது என்று நான் வாதிட வரவில்லை. நெய்மீனின் விலை எனக்குத் தெரியாது. ஆனால் கொண்டுவந்து காட்டும்போது விலையையும் சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு துண்டு வாங்கிப் பகிர்ந்திருப்போம். நல்ல கைப்பக்குவமும் அன்பான உபசரிப்பும் உள்ள ஒரு கடையைப் பற்றி ஊருக்குத் திரும்பிய பிறகு நாங்கள் பேசியது அந்தக் கணக்கைப் பற்றி மட்டுமே. அந்த அம்மாவை நினைத்தால் இதுதான் எனக்கு வருத்தம்.


அடுப்படி (கருங்கல்)

அன்புள்ள செல்வி அக்கா, என் பெற்றோர் கருங்கல் பக்கத்தில் இத்தகைய ஒரு கடையைத்தான் நடத்துகிறார்கள். பள்ளி விடுமுறையில் இலை எடுத்து, கல்லூரி நாட்களில் கணக்கு எழுதி, இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பில் நிற்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது சரியல்ல என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தட்டைக் காட்டும்போதே விலையைச் சொல்லாதது கடைக்காரரின் பிழை. அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆயினும் மீனுக்கு ஏன் சுவரில் நிலையான விலை எழுத முடிவதில்லை என்பதை அடுப்பின் பக்கத்திலிருந்து விளக்க விரும்புகிறேன். எங்கள் வீட்டில் அப்பா விடியுமுன் கரைக்குப் போகிறார். ஏலம் எந்த விலைக்கு முடியும் என்பது வள்ளங்கள் (நாட்டுப்படகுகள்) எத்தனை வந்தன, எவ்வளவு மீன் பட்டது, கேரளத்திலிருந்து வண்டி வந்து நிற்கிறதா என்பவற்றைப் பொறுத்தது. சாளை நிறையப் படும் நாளில் கூடைக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும். கடல் கொந்தளித்தால் மறுநாளே அதே கூடை பன்மடங்கு விலைக்குப் போகும். நெய்மீனை முழுமீனாக எடுத்தால் தலை, வால், குடல், நடுமுள் எல்லாம் போகத்தான் துண்டு. தலையைக் குழம்பில் போட்டு ஈடுகட்டலாம், மற்றவை நட்டம்தான்.

சாப்பாட்டின் விலையை மட்டும் நாங்கள் நாளுக்கு நாள் மாற்ற முடியாது. அன்றாடம் வந்து உண்பவர்கள் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள், கொத்தனார்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஆசிரியர்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய் கூட்டினாலும் நாலு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டில் தேங்காயும் தேங்காயெண்ணெயும் இதற்கு முன் காணாத விலைக்கு ஏறியபோது இந்த நெருக்கடியை முழுமையாக உணர்ந்தோம். குழம்புக்குத் தேங்காய், துவரனுக்குத் தேங்காய், அவியலுக்குத் தேங்காய், பொரிப்பதற்குத் தேங்காயெண்ணெய். எங்கள் சமையலில் தேங்காய் இல்லாதவை ரசம், மோர், புளிமுளம் போன்ற சிலவே. பக்கத்துக் கடைகள் சில பாமாயிலுக்கு மாறின. அம்மா மாறவில்லை. அதற்குப் பதிலாகப் பொரித்த பண்டங்களைக் குறைத்து, தேங்காய் சேராத புளிமுளத்தை (புளியும் மிளகாயும் கூட்டி வைக்கும் மீன்குழம்பு) வாரத்தில் கூடுதலான நாட்கள் வைத்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் காரணத்தைக் கேட்டார்கள், அம்மா உள்ளதைச் சொன்னார்கள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

விறகிலும் இப்படித்தான். வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரை முழுதும் நம்பினால் நாங்கள் தாக்குப்பிடிக்க முடியாது. இந்தப் பக்கத்தில் வெட்டி மாற்றும் ரப்பர் மரங்களின் விறகு கிடைப்பதால் சோறும் கிழங்கும் விறகடுப்பில் வேகின்றன. "புகை வாசனை உண்மையான கிராமத்துச் சுவை" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிக்கிறவர்கள் என் அம்மாவும் சித்தியும். ஆதலால்தான் சென்ற ஆண்டு கூரையை உயர்த்திப் புகைபோக்கி வைத்தோம். இதை எந்த மதிப்புரையும் கவனிக்கவில்லை என்றாலும் எங்களுக்கு அதுவே பெரிய மாற்றம்.


கடலோரன் (முட்டம்)

ஏலத்தைப் பற்றித் தங்கை எழுதியது முற்றிலும் உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கடைகள் கரைக்கு அருகில் இருப்பதால் குமரி மாவட்டத்தில் எல்லா மீனும் அன்றைய மீன்தான் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். விசைப்படகுகள் பல நாட்கள் ஆழ்கடலில் தங்கித் திரும்புகின்றன. அவற்றின் மீன் பனிக்கட்டியில் இருந்து வருவது. நன்றாகப் பனியிட்டிருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. அன்றன்று படுவது வேண்டுமானால் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வரும் சாளை, நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி), வாளை, விளமீன் ஆகியவற்றைக் கேளுங்கள். பெரிய மீன்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தோடு நெய்மீனையே தேடுவதால், அருகிலேயே இருக்கும் புதுமீனைப் பலர் இழக்கிறார்கள்.


நாஞ்சில் வயல் (பூதப்பாண்டி)

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் மேற்குப் பக்கத்தைப் பற்றியே எழுதியுள்ளீர்கள். கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் ஊண் வேறு. தோவாளை, அகஸ்தீசுவரம் சேர்ந்த நாஞ்சில் நாட்டின் சாப்பாடு வேறு. மேற்கே மலைச்சரிவும் மரச்சீனியும் ரப்பரும். இங்கே குளத்துப் பாசனமும் நெல்வயலும். இந்த மாவட்டமும் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரின் அரசர் விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை ஆண்ட காலத்தில் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். பஞ்சத்தைத் தாங்கிய உணவு இன்று சுற்றுலா உணவாகி, கிழங்கும் மீனும் இல்லாவிட்டால் குமரிச் சாப்பாடே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுகிறார்கள்.

நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் சைவச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் பரிமாறும் முறைக்கு இடம் கொடுக்க வேண்டும். முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், பிறகு ரசம், புளிசேரி (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு), பிரதமன் (வெல்லப் பாயசம்), கடைசியாக மோர். சிறுபயற்றுப் பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கிச் சேர்த்து உண்பதை ஒருமுறையேனும் செய்து பார்க்க வேண்டும். குமரி மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பரவிய பிறகு அதன் விலையும் ஏறிவிட்டதால், பல கடைகளில் இப்போது பிரதமனோடு வேறு பழத்தை வைக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிறது.

அண்மையில் ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் ஒரு கடையில் நான் கண்டது இது. காரில் வந்த ஒரு குடும்பம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் வைத்துவிடுமாறு கேட்டது. அவர்களுக்கு விமானத்துக்கு நேரமாகியிருக்க வேண்டும். பரிமாறிய பெரியவரும் மறுக்காமல் வைத்துவிட்டார். சாம்பாரும் புளிசேரியும் இலையில் கலந்து ஓடின. அவர்கள் பாதியை மூடிவிட்டு எழுந்தார்கள். அந்தப் பெரியவர், "புளிசேரி இன்றைக்கு நன்றாக வந்திருந்தது" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நேரமில்லாத நாளில் இத்தகைய கடைக்குப் போகாமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

பத்மநாபபுரம் அரண்மனையில் ஊட்டுப்புரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயிரம் பேர் அளவில் அமர்ந்து உண்பதற்கென்றே இரண்டு தளமாகக் கட்டியிருக்கிறார்கள். அன்னம் வழங்குவதை ஒரு கடமையாகக் கொண்ட நாடு இது. பழைய சாலையோரங்களில் இன்றும் நிற்கும் கல்மண்டபங்களும் வழிநடந்தவர்கள் தங்குவதற்காக அமைந்தவைதான். இக்காலத்தில் அந்த வேலையைச் செய்பவை இந்தச் சிறு கடைகள். அந்த மரியாதையோடு அவற்றை அணுக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.


தராசு (நாகர்கோவில்)

உணவுப் பாதுகாப்புத் தொடர்பான பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிராமத்துக் கடைகளின் மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் அன்பின் பெயரால் சுகாதாரத்தில் சலுகை கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. தொடக்கப் பதிவில் நண்பர், இல்லாததை இல்லை என்று சொல்வதும் அன்றன்று சமைப்பதும் போதும் என்று எழுதியுள்ளார். போதாது ஐயா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மீன் எப்படி வைக்கப்பட்டிருந்தது, எண்ணெய் எத்தனை நாள் பழையது என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

மீனைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் பனியில்லாமல் வெயிலில் கிடந்தால், நுண்ணுயிரிகளின் செயலால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகுகிறது. நன்றாகக் கொதிக்க வைத்தாலும், மொறுமொறுவென்று பொரித்தாலும் அது அழிவதில்லை. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் அரித்து, தலைவலியும் படபடப்பும் வரும். மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுதும் மீனை விட்டவர்களும் உண்டு. உண்மையில் பிழை மீனில் இல்லை, அதை வைத்திருந்த விதத்தில் இருக்கிறது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுரீரென்று பட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மரச்சீனியிலும் கவனம் தேவை. அதில், குறிப்பாகக் கசப்பு வகைகளில், சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கி, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்து வருவது இதைத்தான். அவசரத்தில் குக்கரில் வைத்துத் தண்ணீரை வடிக்காமல் மசிக்கும் புதிய வழக்கம் சில கடைகளில் வந்திருப்பதைக் கண்டு நான் எச்சரித்திருக்கிறேன்.

மேலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி எவ்வளவு சிறிய கடையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்; 14 இலக்கப் பதிவு எண்ணை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடங்கும். வாழை விளையும் மாவட்டத்தில் அந்தத் தாளை விரித்துச் சோறு போடுகிற கடையை நான் மன்னிப்பதில்லை. பொரித்த மீனின் எண்ணெயை உறிஞ்சுவதற்குச் செய்தித்தாளைப் போடுவதும் கூடாது; அச்சு மை உணவில் இறங்கும்.


அடுப்படி (கருங்கல்)

தராசு ஐயா, நீங்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். செய்தித்தாள் எங்கள் கடையிலும் இருந்தது. கம்பித்தட்டு வாங்கிய பிறகு அது நின்றது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, சுக்கோ சீரகமோ போட்டுத்தான் குடிக்கக் கொடுக்கிறோம். ஒரு வேண்டுகோள் மட்டும். வாடிக்கையாளர்கள் குறை கண்டால் அந்த இடத்திலேயே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்ல வேண்டும். சிரித்த முகத்தோடு பணம் கொடுத்துவிட்டுப் போய், இரவில் இணையத்தில் எழுதினால், அதை வாசிக்கத் தெரியாத என் பெற்றோருக்கு அது சென்று சேர்வதே இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துச் சொல்லும்போது, எந்த நாள், எந்தக் குழம்பு என்று அவர்களால் நினைவுகூர முடிவதில்லை.


விளவங்கோட்டு மகன் (குவைத்)

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நான் காணும் மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அருமனைப் பக்கத்தில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து அறிந்த ஒரு சாயக்கடையில் (தேநீர்க்கடை), காலையில் புட்டும் பயறும் பப்படமும், மாலையில் கஞ்சியும் காணத்துவையலும் (கொள்ளுத் துவையல்) மட்டுமே கிடைக்கும். இப்போது அதன் வாசலில் பெரிய வண்ணப்பலகை நிற்கிறது. ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன் என்று நீண்ட பட்டியல். கடைக்காரரிடம் கேட்டேன். "காரில் வருகிறவர்கள் பட்டியல் எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் மக்களே, நான் என்ன செய்ய?" என்றார்.

பட்டியல் நீளும்போது என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். முப்பது பண்டங்களை எந்த நேரத்திலும் தருவதற்கு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிவப்புக் குழம்பைக் காலையிலேயே செய்துவைக்க வேண்டும். கோழி கேட்டாலும் மீன் கேட்டாலும் முட்டை கேட்டாலும் அதையே சூடாக்கி ஊற்ற வேண்டும். குளிர்பதனப் பெட்டி வாங்க வேண்டும், அதில் பழையது சேர வேண்டும். அம்மியில் அரைப்பவருக்குப் பதில் பொடி வாங்க வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகு அதே வாடிக்கையாளர் வந்து, முன்புபோல் சுவை இல்லை என்று எழுதுகிறார். கஞ்சி மட்டும் இன்னும் மாலையில் உண்டு. ஆனால் கேட்டால்தான் தருகிறார்கள், பலகையில் அதன் பெயர் இல்லை. தொடக்கப் பதிவர் அண்ணன் வாசலில் மெனு கார்டைத் தேடுகிறவர்களைப் பற்றி எழுதியதை வாசித்தபோது இந்தக் கடையின் நினைவுதான் வந்தது.

புரோட்டாவையும் பொரித்த கோழியையும் நான் இதில் சேர்க்கவில்லை. அவை மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தின் இரவு உணவாக வேரூன்றியவை. கல்லில் அடித்து அடுக்கும் புரோட்டாவுக்கும் தேங்காய் எண்ணெயில் பொரித்த கோழிக்கும் அந்தந்த ஊரில் தனித்த கைகள் உண்டு.


சேலத்துச் செல்வி (சேலம்)

அனைவருடைய விளக்கங்களுக்கும் நன்றி. அடுப்படித் தங்கை எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஏலத்தைப் பற்றித் தெரிந்த பிறகு அந்த 280 ரூபாய் உறுத்தவில்லை. சொல்லாமல் விட்டது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அன்றைய மீனின் பெயரையும் விலையையும் வாசலில் ஒரு சிலேட்டில் எழுதிவைக்க முடியாதா? சாக்கட்டியும் சிலேட்டும் பெரிய செலவில்லை. காலையில் ஏலம் முடிந்ததும் எழுதலாம், மீன் தீர்ந்ததும் அழிக்கலாம். பிந்தி வருகிறவர் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே தெரிந்துகொள்வார். பட்டியல் கேட்கிறவர்களுக்கும் அதுவே பட்டியலாகும்.


கல்குளம் வழிப்போக்கன் (தக்கலை)

செல்வி அம்மாவின் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரணியல் பக்கத்தில் ஒரு கடையில் ஏற்கெனவே இவ்வாறு செய்கிறார்கள். அங்கே கரும்பலகையில் அன்றைய மீன், அதன் விலை, கிழங்கு உண்டா இல்லையா என்ற விவரம் ஆகிய மூன்றே வரிகள் இருக்கும். தகராறு என்று ஒன்று அங்கே நடந்து நான் பார்த்ததில்லை. உள்ளூர்த் தொழிலாளர்களும் வண்டியில் வருகிறவர்களும் அதே விலையைக் கொடுக்கிறார்கள் என்பது அந்தப் பலகையால் எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிகிறது. வெளியூர் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் அருவிக்கும் கடற்கரைக்கும் அருகிலுள்ள சில இடங்களில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை ஒழிப்பதற்கும் பலகைதான் வழி.

தராசு ஐயா சொன்னவற்றையும் என் அளவுகோலோடு சேர்த்துக்கொள்கிறேன். குளிர்பதனப் பெட்டி இல்லாத கடை அன்றைய மீனை நண்பகல்வரை எதில் வைத்திருக்கிறது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பனிக்கட்டி போட்ட பெட்டி இருந்தால் எடுத்துக் காட்டுவார்கள். நான் கேட்ட இடங்களில் யாரும் முகம் சுளித்ததில்லை.


அடுப்படி (கருங்கல்)

சிலேட்டைப் பற்றி அப்பாவிடம் பேசினேன். அவர் தயங்குவது ஒரு காரணத்தால்தான். அன்றாடம் வருகிற தொழிலாளி ஒருவர், விலையைப் பார்த்துவிட்டு மீன் வேண்டாம் என்று எல்லோர் முன்னும் சொல்ல நேர்ந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்கிறார். அவர்களுக்குக் குழம்பில் கிடக்கும் சாளையைச் சாப்பாட்டு விலையிலேயே போடுவது எங்கள் வழக்கம். ஆகவே பலகையின் முதல் வரியாக, "குழம்பு மீன் சாப்பாட்டில் அடங்கும்" என்று எழுதி, அதன் கீழே பொரித்த மீனின் பெயரையும் விலையையும் எழுதலாம் என்று அம்மா சொன்னார்கள். அப்பாவும் சம்மதித்துவிட்டார்.


மலையடிவாரம் (திருவண்ணாமலை)

ஜூன் மாதம் முதல் வாரத்தில், வயதான என் அம்மாவை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரி, பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம் ஆகிய இடங்களுக்கு வருகிறோம். அம்மாவுக்கு மீன் பிடிக்கும், காரம் ஆகாது. அந்தச் சமயத்தில் கிராமத்துக் கடைகளில் நல்ல மீன் கிடைக்குமா?


கடலோரன் (முட்டம்)

சகோதரருக்கு, நீங்கள் வருவது மீன் மிகவும் குறையும் நாட்கள். நம் மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் உள்ளன. சின்னமுட்டம் சேர்ந்த கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் சேர்ந்த மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஜூன் முதல் இரண்டு வாரங்கள் இரு கரைகளிலும் தடை இருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரமாதலால் கடல் இடம் கொடுக்கும் நாளில் மட்டுமே அவை போகும். அந்த நாட்களில் நெய்மீன் என்று யாராவது காட்டினால், அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் பனியில் இருந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நெத்திலியோ சாளையோ இருந்தால் தயங்காமல் எடுங்கள்.


அடுப்படி (கருங்கல்)

அம்மாவுக்கு நெத்திலி அவியல் கேளுங்கள் அண்ணா. மாங்காயும் தேங்காயும் சேர்ந்து வருவதால் புளிமுளத்தைப்போல் காரமாக இருக்காது. முள்ளும் தொல்லை தராது. மீன் இல்லாத நாளாக அமைந்தால் கஞ்சியும் சிறுபயற்றுத் துவரனும் சுட்ட அப்பளமும் வயதானவர்களுக்கு இதமாக இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மாத்தூருக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே பாலத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டரை மணிக்குள் சாப்பிட உட்காருங்கள். எந்தக் கடையானாலும் நேரில் போய், காரம் குறைத்து வேண்டும் என்று நுழையும்போதே சொல்லிவிடுங்கள். குழம்பு அதற்குள் தயாராகியிருக்கும். ஆனால் துவரனையும் மோரையும் கொண்டு அம்மாவுக்கென்று ஒரு தனி இலை போட்டுக் கொடுப்பார்கள்.